மைசூரு மாதா கோயிலும் ஹவாய் ராணியும்

ஆபீஸ் வேலையாக ஹொனலுலு போயிருந்தேன். "ஹவாயா! குடுத்து வச்சவன்யா"ன்னு நீங்க பெருமூச்சு விடறது இங்கே சியாட்டில் வரைக்கும் கேட்குது. மூணு நாளும் ஏசி ரூமுக்குள்ளே பொட்டி தட்டினதுதான் மிச்சம். கடைசி நாள் மத்தியானம் நாலு மணி நேரம் ஓய்வு கிடைச்சுது. கடற்கரைக்குப் போகாம ஊருக்குள்ளே நடந்தேன். அப்படிக் கண்ணில் பட்டதுதான் செயின்ட் ஆண்ட்ரூ பேராலயம்.

வாசல் பக்கத்துச் சுவர் முழுக்க, தரையில் ஆரம்பிச்சு கூரை வரைக்கும் வண்ணக் கண்ணாடி. வெயில் உள்ளே விழுந்து தரையெல்லாம் நீலமும் சிவப்புமா கிடந்தது. நம்ம ஊர்ல வெள்ளைக்காரன் அவனுக்காகக் கட்டிக்கிட்ட சர்ச் மாதிரிதான் இதுவும்னு நினைச்சேன். விசாரிச்சா கதையே வேற. ஆங்கிலிக்கன் சபையைத் தங்கள் தீவுக்கு வரவழைச்சதே ஹவாய் ராஜாவும் ராணியும்தான். நான்காம் கமேஹமேஹா, ராணி எம்மா. ஜெபப் புத்தகத்தை ஹவாய் மொழியில் பெயர்த்தது ராஜாவேதான்.

அவங்களுக்கு ஒரே பையன். பேர் ஆல்பர்ட். இங்கிலாந்து விக்டோரியா மகாராணிதான் ஞானத்தாய். ஞானஸ்நானம் கொடுக்க அங்கிருந்து பிஷப் கப்பல்ல வந்துக்கிட்டிருக்கார். அவர் வந்து சேர்ந்தது 1862 அக்டோபர்ல. பையன் ஆகஸ்ட் 27-ம் தேதியே போயிட்டான். நாலு வயசு. அடுத்த வருஷம் நவம்பர் 30-ம் தேதி ராஜாவும் போயிட்டார், 29 வயசுல. அன்னைக்கு ஆண்ட்ரூ புனிதரோட திருநாள். அதனால்தான் கோயிலுக்கு அந்தப் பேர். 1867-ல் அஸ்திவாரக் கல் வச்சது ராஜாவோட அண்ணன். எம்மா 1865-ல் இங்கிலாந்துக்கே போய்க் கோயிலுக்குப் பணம் திரட்டினாங்க. முப்பது வயசு கூட ஆகலை, புருஷனும் இல்லை, புள்ளையும் இல்லை.

ராஜா கல் வச்ச கோயில்னதும் எனக்கு மைசூரு ஞாபகம் வந்துடுச்சு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எட்டாவது படிக்கிறப்போ ஈரோட்டிலிருந்து பள்ளிக்கூட டூர். அரண்மனை, ஜூ, பிருந்தாவனம், கடைசியா அசோகா ரோட்டில் இருக்கிற பிலோமினா சர்ச். வீட்டுக்கு வந்து ரெட்டைக் கோபுரத்தை நான் கையை நீட்டி நீட்டி வர்ணிச்சிட்டிருக்கேன், அம்மா பாதியிலேயே எந்திரிச்சு அடுப்படிக்குள்ளே போயிட்டாங்க. அப்பா "போதும், போய்ப் படி"ன்னார். எனக்கு ஒண்ணும் புரியலை.

எனக்கு முன்னாடி ஒரு அக்கா இருந்தாள்னு தெரியும். பீரோவுக்குள்ளே ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. அதைப் பத்தி வீட்ல யாரும் பேசினதில்லை. நானும் கேட்டதில்லை.

ஹொனலுலுவிலிருந்து வந்த அந்த ஞாயித்துக்கிழமை, வழக்கம்போல அம்மாவுக்குப் போன். பேச விஷயம் இல்லாம, எம்மா ராணி கதையைச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு "அம்மா, அம்மா"ங்கறேன்.

"இருக்கறேன்" என்றார். கொஞ்ச நேரம் கழிச்சு, "அடுத்த தடவை வர்றப்ப மைசூருக்கு ஒருக்கா கூட்டிட்டுப் போறயா கண்ணு?"

லீவில் போனதும் முதல் வேலை அதுதான். நான், தங்கமணி, பொண்ணு, அம்மா. சத்தியமங்கலம், பண்ணாரியில் இறங்கி ஒரு கும்பிடு, திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு, சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு. வழக்கமா வாந்திக்குப் பயப்படற அம்மா, வழி முழுக்க ஜன்னலையே பார்த்துட்டு வந்தாங்க.

சர்ச்சைப் பத்தி ரெண்டு வார்த்தை. இது கத்தோலிக்கக் கோயில். இங்கே 1843-லேயே, மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்திலேயே ஒரு சின்ன ஆலயம் இருந்திருக்கு. 1926-ல் மகாராஜாவோட செயலர் தம்பு செட்டி, பிலோமினா புனிதரோட திருப்பண்டத்தை வாங்கிட்டு வந்தார். அதுக்குப் பெரிய கோயில் வேணும்னு பாதிரியார் கேட்க, நாலாவது கிருஷ்ணராஜ உடையார் உதவி செஞ்சு, 1933 அக்டோபர் 28-ம் தேதி அஸ்திவாரக் கல்லும் வச்சார். ஹவாய் ராஜா அந்த மதத்திலேயே சேர்ந்தவர். இவரோ சாமுண்டி மலையைக் குலதெய்வமாக் கும்பிட்டவர். அது எனக்குப் பெரிய விஷயமாப் பட்டுது. ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தை மாதிரியா வச்சு டேலிங்கற பிரெஞ்சுக்காரர் வரைஞ்ச திட்டம். கோபுரம் 175 அடி. மேலேயிருந்து பார்த்தா கட்டடம் சிலுவை வடிவம்.

பலிபீடத்துக்குக் கீழே நிலவறை. படி இறங்கணும். "முட்டி வலிக்குமே, மேலேயே இருங்க"ன்னாள் தங்கமணி. அம்மா கேட்கலை, பேத்தி கையைப் பிடிச்சுட்டு இறங்கினாங்க. அங்கே பிலோமினாவோட சிலை. படுத்த நிலையில், தூங்கற மாதிரி ஒரு சின்னப் பொண்ணு. 1802-ல் ரோம் நகரச் சுரங்கக் கல்லறையில் எலும்பு கிடைச்சதை வச்சுத்தான் இந்தப் புனிதரையே உலகத்துக்குத் தெரியும். வரலாற்று ஆதாரம் போதலைன்னு 1961-ல் ரோம் சபையே திருவழிபாட்டு நாட்காட்டியிலிருந்து எடுத்துடுச்சு. மைசூரு ஜனம் அதுக்காக மெழுகுவத்தி ஏத்தறதை நிறுத்தலை.

அம்மா அங்கேயே ரொம்ப நேரம் நின்னாங்க. அப்புறம்தான் பேசினாங்க. அப்பாவுக்கு அப்போ மைசூர்ல வேலை. 1974. அக்காவுக்கு மூணு வயசு. ஒரு வாரக் காய்ச்சல். பக்கத்து வீட்டுத் தமிழ்க்கார அம்மா ஒருத்தர் இங்கே கூட்டிட்டு வந்திருக்காங்க. தினமும் ஒரு மெழுகுவத்தி. எட்டாம் நாள் வத்தி வாங்கிட்டுக் கிளம்பறப்போ அக்கா போயிட்டா. வருஷம் முடியறதுக்குள்ளே ஈரோட்டுக்கே திரும்பிட்டாங்க.

"சாமி மேல கோவம் இல்ல கண்ணு. அந்த வத்திய ஏத்தாமயே வந்துட்டோம்னுதான் இத்தன நாளா ஒரு நெனப்பு."

நான் என்ன சொல்றது? வாசலுக்குப் போய் ஒரு வத்தி வாங்கிட்டு வந்து கையில் கொடுத்தேன். அம்மா ஏத்தினாங்க, கை கொஞ்சம் நடுங்குச்சு. பேத்தி பிடிச்சுக்கிட்டா.

நிலவறையில வச்சு என் பொண்ணு கேட்ட கேள்வியை, ஐம்பது வயசை நெருங்கற நான் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. "அப்பத்தா, அத்தைக்கு என்ன பேரு?"

அம்மா சொன்னாங்க. அந்தப் பேரை இங்கே எழுதலை, எங்க வீட்டோட இருக்கட்டும். வர்ற வழியில் சாம்ராஜ்நகர்ல டீ குடிக்க நிறுத்தினோம். அந்தக் குழந்தைக்கு என்ன பிடிக்கும், எப்படி அடம் பிடிக்கும், தேவராஜா மார்க்கெட்டில் வாழைப்பழத்துக்கு எப்படி அழுதாள்னு அம்மா சொல்லச் சொல்ல, பொண்ணு கேட்டுக்கிட்டே வந்தா. திம்பம் இறங்கி முடிக்கிற வரைக்கும் பேச்சு ஓயலை.

இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை போன்ல பேச விஷயத்துக்குப் பஞ்சமில்லை. பாதி நேரம் போன் என் பொண்ணு கையிலதான். உங்க வீட்டு பீரோவுக்குள்ளேயும் அப்படி ஒரு போட்டோ இருந்தா, இந்த வாரம் போன் பண்றப்போ கேட்டுப் பாருங்க.