விழாத நெட்டையனுக்கு விசில் உண்டா?

மூன்றாமாண்டு, இளங்கலைப் பொருளியல்

“அவனுக்கென்ன, நெட்டை! கையை நீட்டினால் கூடை!” கூடைப்பந்து ஆடும் உயரமான பையன் எவனும் இந்தச் சொற்களைக் கேட்காமல் கல்லூரியை விட்டுப் போனதில்லை. நானும் கேட்டவன்தான். என் உயரம் ஆறடி மூன்று அங்குலம். திண்டிவனத்தில் பாசஞ்சர் ரயில் ஏறி, மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நின்று நின்று விழுப்புரம் வந்து சேரும் வரை குனிந்தபடியே நிற்பது என் அன்றாட வழக்கம். உயரத்தால் வரும் இன்னல்களில் இது சிறியது. ஆடுகளத்தில் வரும் இன்னல் வேறு. அங்கே நெட்டையனைத் தள்ளலாம், இடிக்கலாம், கையில் அடிக்கலாம். நடுவரின் விசில் மட்டும் எளிதில் ஒலிப்பதில்லை. ஏன்? மூன்றாண்டுகளாக என்னைக் குடைந்த இந்தக் கேள்விக்கு நான் கண்ட விடையை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

ஆட்டம் அறியாதவர்களுக்காகச் சில வரிகள். கூடை வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் அருகே நின்று ஆடும் உயரமானவனைச் ‘சென்டர்’ என்பார்கள். இரண்டு புள்ளி எல்லைக்குள் அவன் பந்தை எறியும்போது எதிரி அடித்தால் அது பவுல். பந்து விழாவிட்டால் இரண்டு பிரீ த்ரோ. விழுந்துவிட்டால் அந்தப் புள்ளிகளோடு இன்னும் ஒன்று. ஐந்து பவுல் செய்தவன் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும். ஒரு கால் பகுதியில் ஓர் அணி நான்கு பவுல்களைத் தாண்டிவிட்டால், அதன் பிறகு தற்காப்பில் செய்யும் ஒவ்வொரு பவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு பிரீ த்ரோ. பொருளியல் மாணவன் மொழியில் சொன்னால், ஒரே பவுல் நமக்கு வரவு, எதிரிக்குச் செலவு. எதிரணியின் நல்ல தற்காப்பாளன் முதல் பத்து நிமிடத்தில் இரண்டு பவுல் வாங்கிவிட்டால், அவன் பெஞ்சில் உட்கார்ந்து நகம் கடிக்க வேண்டியதுதான்.

எங்கள் அணியில் விக்கிரவாண்டியில் ரயில் ஏறும் நண்பன் ஒருவன் இருக்கிறான். என்னைவிட நான்கு அங்குலம் குட்டை. உடம்பு மட்டும் நெல் மூட்டை. நாங்கள் இருவரும் ஒரே இடத்தில்தான் ஆடுகிறோம். ஆனால் எனக்கு இரண்டு பிரீ த்ரோ கிடைக்கும் ஆட்டத்தில் அவனுக்கு ஆறு கிடைக்கும். நடுவருக்கும் அவனுக்கும் உறவா என்று வேடிக்கையாகக் கேட்பதுண்டு. ஓய்வாக உட்கார்ந்திருந்த வேளைகளில் அவன் ஆட்டத்தைக் கவனித்தபோதுதான் உறவு எங்கே இருக்கிறது என்று புரிந்தது.

நான் பந்தை வாங்கினால் திரும்பி, எம்பி, எதிரியின் தலைக்கு மேலே எறிவேன். அவன் கை எட்டாது. எட்டாததால் அவன் எம்புவதும் இல்லை. எம்பாததால் மோதலும் இல்லை. என் நண்பனோ எறிவதுபோல் பந்தைக் கண்ணுக்கு நேரே காட்டுவான். எதிரி துள்ளுவான். அவன் ஆகாயத்தில் இருக்கும் நேரம் பார்த்து இவன் ஓரடி உள்ளே வைத்து எழும்புவான். இறங்கி வருபவன் இவன் தோளில்தான் இறங்க வேண்டும். தன் இடத்திலேயே கைகளை நேராகத் தூக்கி எம்பும் தற்காப்பாளன் குற்றவாளி அல்லன். தன் இடத்தை விட்டுச் சாய்ந்து வந்து மோதுகிறவனே குற்றவாளி என்பது விதி. ஆகவே பவுலைப் பெறும் கலை, எதிரியை அவன் இடத்தைவிட்டு நகரவைக்கும் கலையே. உயரம் அதற்கு உதவலாம், உயரமே அதுவாகிவிடாது.

உலகப் பெரும் ஆட்டக்காரர்களின் கணக்கும் இதையே சொல்கிறது. அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் 1969 முதல் 1989 வரை ஆடிய கரீம் அப்துல் ஜப்பார் ஏழடி இரண்டு அங்குல உயரம். உடலைப் பக்கவாட்டில் திருப்பி, ஒற்றைக் கையை வானுக்கு உயர்த்தி அவர் எறிந்த ‘ஸ்கை ஹூக்’கை எவரும் எளிதில் தொட முடியவில்லை. 38,387 புள்ளிகள் குவித்தார். ஆனால் 1,560 ஆட்டங்களில் அவருக்குக் கிடைத்த பிரீ த்ரோக்கள் 9,304. ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஆறு. மோசஸ் மலோன் அவரைவிட நான்கு அங்குலம் குட்டை. கூடையில் பட்டுத் தெறிக்கும் பந்தை மோதிப் பறித்து, அங்கேயே மறுபடியும் எழும்புவது அவர் வழக்கம். அவருக்கு 1,329 ஆட்டங்களில் 11,090. ஆட்டத்துக்கு எட்டுக்கு மேல். பந்து தெறிக்கும்போது தற்காப்பாளர்கள் நிலைகுலைந்து நிற்பார்கள். அந்த நொடியில் மேலே எழுபவனை அடிக்காமல் தடுக்க அவர்களுக்கு வழியில்லை. ஷகீல் ஓ’நீல் முதுகாலும் தோளாலும் இடித்துக்கொண்டே கூடைக்குப் போனவர். அவருக்கு ஆட்டத்துக்கு ஒன்பதுக்கு மேல். அவர் பிரீ த்ரோவில் தடுமாறுவார் என்பதால் வேண்டுமென்றே அடித்தவர்களும் உண்டு. மூவரும் மாமனிதர்கள்; ஆட்டமுறை வேறு, விசிலும் வேறு.

ஆனால் எல்லாக் குறையையும் ஆட்டமுறையின் மேல் போட்டுவிட எனக்கு மனம் இல்லை. சென்ற ஆண்டு வெளியூர் ஆட்டம் ஒன்றில் பந்தோடு எழும்பியபோது விலாவில் ஒரு முழங்கை. நான் விழவில்லை, விசிலும் ஒலிக்கவில்லை. இரவு வீட்டில் உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தபடி அம்மா கேட்டார்கள்: “ஏன்டா, நீ கீழ விழுந்திருந்தா ஊதியிருப்பாங்களா?”

“ஊதியிருப்பாங்கம்மா.”

“அப்போ நிக்கிறவனுக்கு வலிக்காதா?”

விதிப்புத்தகம் முழுவதையும் புரட்டினாலும் இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. சிறியவன் இடிபட்டால் அவன் உடல் ஆடுகிறது. கண் அதைக் காண்கிறது. பெரியவன் இடிபட்டால் அசையாமல் நிற்கிறான். இடித்ததே இல்லை என்று ஆகிவிடுகிறது. தாங்கிக்கொள்கிறவனுக்கு வலியே இல்லை என்று எண்ணுவது ஆடுகளத்தில் மட்டும் நடக்கும் அநீதியா என்ன? மூத்த பிள்ளையாகப் பிறந்த நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

“அப்படின்னா விழுந்துடு மச்சான்!” என்றார்கள் நண்பர்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்காதா என்று வீடே காத்திருக்கும்போது, தேர்வாளர் கண் முன் விழும் ஒவ்வொரு புள்ளியும் சோற்றுக் கணக்கு. ஆயினும் விழ எனக்கு விருப்பமில்லை. போலியாக விழுபவனை முதலில் எச்சரித்து, மீண்டும் செய்தால் டெக்னிக்கல் பவுல் கொடுக்க உலகக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதியே இடம் தருகிறது. என்.பி.ஏ.விலும் 2021-22 பருவம் முதல், பவுலுக்காகவே இயல்பற்ற முறையில் உடலை வளைத்து எதிரியின் மேல் பாய்பவனுக்கு விசில் ஊத வேண்டாம் என்று நடுவர்களுக்குச் சொல்லப்பட்டது. விதி ஒருபுறம் இருக்கட்டும். நான் நடித்து விழுந்தால், நாளை உண்மையாகவே இடிபட்டு நிற்கும் இன்னொரு நெட்டையனை யார் நம்புவார்கள்?

விழாமல் விசில் பெறும் வழியைத்தான் இவ்வாண்டு பயின்றேன். பந்தைக் காட்டி எதிரியை எழுப்புவது. பின்னோக்கிச் சாயாமல் கூடையை நோக்கியே எழுவது. தெறித்த பந்தைக் கீழே இறக்காமல் இரு கையாலும் மேலே கொண்டுபோவது. பந்து மேலே இருந்தால் அடி மணிக்கட்டில் விழும். அது நடுவர் கண்ணுக்குத் தெரியும். பிரீ த்ரோக்கள் மெல்ல மெல்லக் கூடின.

கூடினால் போதுமா? கோட்டில் நின்று போட வேண்டுமே! 1997 டிசம்பரில் டல்லாஸ் அணி, சிகாகோவின் டென்னிஸ் ராட்மனை வேண்டுமென்றே அடித்துக்கொண்டே இருந்தது. அவருக்குப் பிரீ த்ரோ வராது என்பது அவர்கள் நம்பிக்கை. அடித்த ஆட்டக்காரர் மூன்றே நிமிடத்தில் ஆறு பவுலும் செய்து வெளியேறினார்; ராட்மன் 12இல் 9 போட்டார்! வில்ட் சேம்பர்லைன் 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தபோது, இரு கையாலும் கீழிருந்து எறியும் முறையில் 32 பிரீ த்ரோவில் 28ஐப் போட்டார். பின்னர் அந்த முறையை விட்டுவிட்டார். வெட்கமாக இருந்ததாம், தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். வாழ்நாள் கணக்கில் அவர் போட்டது நூற்றுக்கு 51 மட்டுமே. அதே கீழ்க்கை முறையை விடாமல் பிடித்த ரிக் பாரி என்.பி.ஏ.வில் நூற்றுக்கு 90 போட்டார்.

நானும் கீழிருந்துதான் எறிகிறேன். “வாசல் தெளிக்கிறான் பார்!” என்று ஓரத்தில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். தெளிக்கட்டும், கோலம் விழுகிறதே!

நைஸ்மித் 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டில் இவ்வாட்டத்தைப் படைத்தபோது, தோளால் இடிப்பதையும் தள்ளுவதையும் முதல் விதிகளிலேயே விலக்கினார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்று சென்னைக்கு வந்த ஹாரி குரோ பக் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். அங்கே பயின்றவர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களாகச் சென்றார்கள். வலியவன் மெலியவனை இடிக்கக் கூடாது என்பது மட்டுமன்று அந்த விதியின் பொருள். வலியவனையும் இடிக்கக் கூடாது என்பதும்தான். அடுத்த ஆண்டு சேரப்போகும் நெட்டைத் தம்பிகளே, நேராக எழும்புங்கள், கூடையை நோக்கியே எழும்புங்கள், பிரீ த்ரோவைத் தினமும் பயிலுங்கள். ஓரத்தில் நின்று பார்க்கும் நண்பர்களே, நிற்கிறவனுக்கும் வலிக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.