மயக்க மருந்துக்கு முன் ஒரு கேள்வி

புனே அருகே தளேகாவில் குடியிருக்கும் எங்களுக்கு, பக்கத்து ஊரான லோணாவளா என்றால் சிக்கி என்னும் கடலை மிட்டாய். ஆனால் 2020 மார்ச்சில் அங்கே தயாரான மைலேப் நிறுவனத்தின் கொரோனா சோதனைக் கிட்தான், உள்நாட்டில் உருவாகி முதலில் அனுமதி பெற்றது. அதை உருவாக்கிய குழுவை நடத்திய மினல் தகாவே போஸ்லே, பிரசவத்துக்கு முந்தைய நாள்வரை வேலையில் இருந்தார். (சிக்கிக் கடைகளுக்கு இருக்கும் புகழ் இந்தக் கிட்டுக்கு இல்லை!)

அதைப்போலவே உள்நாட்டில் அடுத்து வரவேண்டியது, ‘இந்த மருந்து இந்த உடம்புக்கு ஆகுமா?’ என்று கேட்கும் சோதனை. அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலினின் வேகம் சில நிமிடங்களில் தணிந்துவிடும். ஆனால் ஆரிய வைசியச் செட்டியார்களில் சிலருக்கு அதைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைவு. மூச்சுத் தசைகள் மணிக்கணக்கில் அசையாது, வென்டிலேட்டர்தான் கதி. காரணம் ஒரே மரபணுவில் ஒரு மாற்றம். சமூகத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்ததில் அது தங்கிவிட்டது. 10,000 இந்தியர்களின் மரபணுக்களைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் பயன் இங்கேதான். மேல்நாட்டார் உடம்பைப் பார்த்து எழுதிய மருந்து விதி நமக்குப் போதாது.

உங்கள் வீட்டில் யாருக்காவது அறுவை முடிந்தும் மூச்சு திரும்பத் தாமதமாகியிருந்தால், அடுத்த முறை மயக்க மருந்து மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.