பஞ்சத்தில் குடித்தனம்: கடல் நுண்பாசிகளின் சிக்கனக் கணக்கு

வீட்டில் பணக்கஷ்டம் வந்தால் என்ன நடக்கும்? முதலில் செலவு குறையும். அப்புறம் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்த சில்லறை வெளியே வரும். அதுவும் தீர்ந்தால் நகை அடகுக்கடைக்குப் போகும். கண்ணுக்கே தெரியாத ஒரு கடல்வாசியும் ஏறக்குறைய இப்படித்தான் பஞ்சத்தைச் சமாளிக்கிறது என்றால் நம்ப முடிகிறதா?

பைட்டோபிளாங்டன் என்ற பெயரைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்பீர்கள். "உணவுச் சங்கிலியின் முதல் கண்ணி" என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்தும் போயிருப்பீர்கள். பாவம், பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதி இவற்றின் உழைப்பு!

நடுக்கடலின் நீலத்தைப் பார்த்து அழகு என்கிறோம். உண்மையில் அந்தத் தெளிந்த நீலம் வறுமையின் நிறம். வெயிலுக்குக் குறைவில்லை, தண்ணீருக்கும் குறைவில்லை. இல்லாதது உரம். நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு எல்லாம் செத்த உயிர்களோடு சேர்ந்து ஆழத்துக்குப் போய்விடுகின்றன. மேலே இருக்கும் சூடான தண்ணீர் இலேசானது, கீழே இருக்கும் குளிர்ந்த தண்ணீரோடு சுலபத்தில் கலக்காது. மொத்த மளிகையும் நிலவறையில் இருக்கிறது, ஆனால் படிக்கட்டு இல்லை!

இந்த வறண்ட கடலில்தான் புரோக்ளோரோகாக்கஸ் வாழ்கிறது. 1980களில் சாலி சிஷோமும் ராபர்ட் ஓல்சனும் செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் எண்ணும் கருவியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சர்காசோ கடலில் கருவி ஏதோ மங்கலான புள்ளிகளைக் காட்டியது. முதலில் கருவியின் இரைச்சல் என்றுதான் நினைத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அது உயிர். 1988இல் உலகுக்கு அறிவித்தார்கள். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் வரிசையில் நிற்கலாம், அவ்வளவு சிறிசு. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் எண்ணிக்கையில் இதை மிஞ்ச ஆள் கிடையாது.

2003இல் இதன் மெட்4 என்ற வகையின் மரபுத்தொகுதியைப் படித்தபோது இன்னொரு ஆச்சரியம். வெறும் 16.6 லட்சம் எழுத்துகள், சுமார் 1,700 ஜீன்கள். நம் குடலில் இருக்கும் ஈ.கோலைக்கே 46 லட்சம்! டி.என்.ஏ.வின் ஒவ்வொரு எழுத்திலும் ஒரு பாஸ்பரஸ் அணு இருக்கிறது. ஆக, புத்தகம் சின்னதாக இருந்தால் பாஸ்பரஸ் மிச்சம். அதோடு விட்டதா? ஜி-சி ஜோடியில் 8 நைட்ரஜன் அணுக்கள், ஏ-டி ஜோடியில் 7. மெட்4இன் டி.என்.ஏ.வில் சுமார் 70 சதவீதம் ஏ-டி தான். (இது பஞ்சம் செய்த வேலையா, தற்செயலா என்று விஞ்ஞானிகள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கணக்கு மட்டும் கச்சிதமாக இருக்கிறது.)

இது தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த சிக்கனம். திடீரென்று பாஸ்பேட் தீர்ந்தால்? அதற்கு ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறது. ஃபோ-ஆர் என்ற புரதம் காவல்காரன். வெளியே பாஸ்பேட் குறைந்ததும் ஃபோ-பி என்ற புரதத்தைத் தட்டி எழுப்பும். அது போய்ச் சில ஜீன்களை முடுக்கிவிடும். ஒரு ஜீன், தண்ணீரில் தப்பித்தவறி வரும் பாஸ்பேட்டைப் பிடிக்கும் புரதத்தைச் செய்யும். இன்னொன்று, மற்ற உயிர்கள் விட்டுப்போன கரிமக் குப்பையிலிருந்து பாஸ்பேட்டை வெட்டியெடுக்கும் நொதியைச் செய்யும். கூடவே செல்லின் சவ்வைப் பாருங்கள். நம் செல்லின் சவ்வெல்லாம் பாஸ்பரஸ் கலந்த கொழுப்பு. இதுவோ பெரும்பாலும் கந்தகம் கலந்த கொழுப்பை வைத்து ஒப்பேற்றுகிறது. கடலில் கந்தகத்துக்குப் பஞ்சமே இல்லையே!

எல்லா ஊர்க்காரர்களிடமும் இந்தக் கருவிகள் ஒரே அளவில் இல்லை என்பதுதான் சுவாரசியம். அட்லாண்டிக்கில் சஹாராவின் தூசி இரும்பைக் கொண்டுவந்து கொட்டுகிறது. இரும்பு இருந்தால் நைட்ரஜனை நிலைப்படுத்தும் பாக்டீரியாக்கள் செழிக்கும், மிச்சமிருக்கும் பாஸ்பரஸை உறிஞ்சிவிடும். அதனால் அங்குள்ள புரோக்ளோரோகாக்கஸிடம் பாஸ்பரஸ் தேடும் ஜீன்கள் அதிகம், ஹவாய்ப் பக்கம் இருப்பவற்றிடம் குறைவு. 2010இல் சிஷோமும் மவ்ரீன் கோல்மனும் இதை ஒப்பிட்டுக் காட்டினார்கள். சொந்தக்காரன் யார் என்பதைவிட, குடியிருக்கும் தண்ணீர் எது என்பதுதான் ஜீன் பட்டியலைத் தீர்மானிக்கிறது.

இதைவிட வேடிக்கை, இதைத் தாக்கும் வைரஸ்கள். வைரஸும் டி.என்.ஏ. மூட்டைதானே, குட்டி போட அதற்கும் பாஸ்பரஸ் வேண்டும். அதனால் சில வைரஸ்கள் பாஸ்பேட் பிடிக்கும் ஜீனைத் தாங்களே சுமந்துகொண்டு வருகின்றன. பட்டினி கிடக்கும் செல்லுக்குள் நுழைந்ததும் அந்தச் செல்லின் சுவிட்சை வைத்தே தன் ஜீனை ஓட்டுகின்றன. திருடப் போகிற வீட்டுக்கு ரேஷன் கார்டோடு போகிற கதை :-)

இரும்புப் பஞ்சத்தில் டயாட்டம்களின் வழி வேறு. ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரானைக் கடத்த ஃபெரிடாக்சின் என்ற இரும்புப் புரதம் வேண்டும். இரும்பு தீர்ந்தால் அதே வேலைக்கு இரும்பே தேவைப்படாத ஃபிளேவோடாக்சினைப் பல டயாட்டம்கள் தயாரிக்கின்றன. 1990களில் ஆய்வாளர்கள் இதையே கடலின் பசியை அளக்கும் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். குரோகோஸ்பேரா என்ற பாக்டீரியா இன்னும் கில்லாடி. பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் நைட்ரஜன் பிடிப்பது, இரண்டுக்கும் இரும்பு வேண்டும். எனவே ஒரு வேலையின் புரதத்தை உடைத்து, அந்த இரும்பையே அடுத்த வேலைக்குப் போடுகிறது. ஒரே பாயில் இரண்டு ஷிஃப்ட்காரர்கள் மாறி மாறிப் படுப்பது போல.

கடல் சூடாகிக்கொண்டே போகிறது. மேல் தண்ணீர் சூடானால் கீழிருந்து உரம் ஏறுவது இன்னும் குறையும். அப்படியானால் சிக்கனக்காரனுக்குத்தானே கொண்டாட்டம்? பல வருடம் அப்படித்தான் கணித்தார்கள். ஆனால் பத்தாண்டுக்கும் மேல் கப்பல்களில் எண்ணிய கணக்கை வைத்து 2025இல் ஓர் ஆய்வு வந்தது. தண்ணீர் 28 டிகிரியைத் தாண்டியதும் புரோக்ளோரோகாக்கஸ் பிரிந்து பெருகும் வேகம் சடாரென்று சரிகிறதாம். காரணமாக ஆய்வாளர்கள் சந்தேகப்படுவது அந்தக் குட்டி மரபுத்தொகுதியைத்தான். பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் மிச்சம் பிடிக்க வீட்டைக் காலி செய்தபோது, சூட்டைத் தாங்க உதவும் ஜீன்கள் சிலவும் குப்பையோடு போய்விட்டன போலிருக்கிறது.