எங்கட மரங்களுக்கு வின்டர் எப்ப?



நாலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் குளிர்கால மரம் ஒன்று கீறச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் இலையே இல்லாத மரத்தைக் கீறி, மேலே ஐஸும் தூவி வைப்பார்கள். எல்லாம் கார்ட்டூன் செய்த வேலை. யன்னலுக்கு வெளியே நவம்பர் மாரி கொட்டுகிறது. வேம்பும் பூவரசும் கழுவிவிட்ட மாதிரிப் பச்சையாக நிற்கின்றன.

"டீச்சர், எங்கட மரத்துக்கு வின்டர் இல்லையா?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

இருக்கிறது. ஆனால் மாரியில் இல்லை. குளிர் நாடுகளில் நிலம் உறைந்தால் வேருக்குத் தண்ணீர் கிடைப்பது கஷ்டம். இலையோ தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். வரவு குறைந்த வீட்டில் செலவைக் குறைக்கிற மாதிரி மரம் இலையைக் கழற்றுகிறது. அதற்கு முன் இலையில் உள்ள சத்தில் ஒரு பங்கைத் திரும்ப இழுத்துக்கொண்டு, காம்பின் அடியை அடைத்துவிடும். இதைக் காட்ட கொட்டங்காய் மரத்தின் சிவந்த இலை ஒன்று போதும். இலை கழன்ற இடத்தில் உள்ள தழும்பைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பார்த்தார்கள். மொட்டையாக நிற்கிற மரமெல்லாம் செத்த மரமில்லை, சின்னக் கொப்பில் நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியும் என்றும் சொல்லிக் கொடுத்தேன். (அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் சுரண்டாத கொப்பு மிச்சமில்லை!)

எங்கட கிழக்கில் மரத்துக்குத் தண்ணீர் கிடைக்காத காலம் கச்சான் காற்றடிக்கும் காலம்தான். தென்மேல் பருவக்காற்று மழையை மலைநாட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி எங்களிடம் வரும். ஜூனில் இருந்து ஓகஸ்ட் வரைக்கும் அந்தப் பாடுதான்.

நாங்கள் மரம் நடுவதும் சரியாக அந்த ஜூனில்! ஜூன் 5 உலக சுற்றாடல் தினம். 1972இல் ஸ்டொக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாடு அந்தத் திகதியில் தொடங்கியதால் வந்த நாள் அது. எங்கட மழைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கொழும்புப் பக்கம் அப்போது மழை, அங்கே நடலாம். இங்கே பெனர் கட்டி, அதிதி வந்து, படம் எடுத்து நட்ட கன்றுகளில் எத்தனை ஓகஸ்டைத் தாண்டின? உங்கள் பிள்ளையின் பாடசாலை வளவில் போய்ப் பாருங்கள். மரம் நடுவது ஸதகா என்று ஓதிக்கொடுத்த பிள்ளையிடம், தான் நட்ட கன்று காய்ந்து கிடப்பதற்கு என்ன பதில் சொல்வது?

ஜூன் 5இல் பேச்சுப் போட்டி வையுங்கள், விதை சேகரியுங்கள், பைகளில் மண் நிரப்பிக் கன்று வளருங்கள். நடுவதை ஒக்டோபர், நவம்பருக்கு விடுங்கள். மாரி முழுக்க வேர் ஓடினால் கச்சானைத் தாங்கிக்கொள்ளும். எங்கட வயற்காரர்களுக்கு இது புதுச் செய்தியில்லை. தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் மட்டும் முருங்கையை வைக்காதீர்கள், அழுகிவிடும்.

இந்தக் கிழமை வேம்பும் நாவலும் நட்டிருக்கிறோம். குழியைப் பிள்ளைகளே வெட்டினார்கள். மழை பார்த்துக்கொள்ளும், ஆடுதான் பிரச்சினை. கடலுக்குப் போகிற வாப்பாமாரே, கிழிந்த வலை வீட்டில் சும்மா கிடந்தால் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். வேலி கட்டக் கம்பு இருக்கிறது.