மண்ணெண்ணெய் வரிசையும் மன நெருக்கீடும்
2022ஆம் ஆண்டு யூன் மாதம். சமையல் எரிவாயு கிட்டவில்லை. திருகோணமலைத் துறைமுகத்துக்கு அண்மையில் மண்ணெண்ணெய்க்காக இரவிரவாக வரிசையில் நின்றோம். அப்பாலே சீனக்குடாவில் வெள்ளையர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள்! பெரும்பாலானவை பயனின்றிக் கிடந்தன.

உறக்கம் கெட்டது, தலை வலித்தது. வைத்தியர் அளந்தபோது இரத்த அழுத்தம் 160/100. “யோசிக்காம இருங்க, சேர்” என்றார். யோசியாதிருந்தால் அடுப்பு எரியுமா?

அச்சத்தில் சுரக்கும் அட்ரினலினும் கோர்ட்டிசோலும் சிறுபொழுதுக்கு உடலின் காவலர்; மாதக்கணக்கில் ஓயாது சுரப்பின் அவையே பகைவர். 1967இல் இலண்டன் அரசாங்க ஊழியரிடையே தொடங்கிய வைட்ஹோல் ஆய்வு கண்டதென்ன? இருதய நோயால் மிகுதியாக மாண்டோர் பொறுப்புச் சுமந்த மேலதிகாரிகள் அல்லர், கடைநிலை ஊழியரே. தம் வேலைமீது தமக்கே அதிகாரமின்மையும் அதற்கொரு காரணமெனப் பின்வந்த ஆய்வு சுட்டியது.

மாத்திரையை விழுங்கினோம், மாலையில் கடற்கரையில் நடந்தோம். அவற்றை நாம் இகழவில்லை. ஆயினும் உறக்கம் மீண்டது வேறொன்றால். படகு இயந்திரத்துக்கு எண்ணெய் தேடி நின்ற மீனவர் ஒருவர் கொப்பியொன்றில் எல்லோர் பெயரையும் எழுதி இலக்கமிட்டார். பத்துப் பேர் முறைவைத்துக் காவலிருக்க, ஏனையோர் வீடு செல்வதென முடிவாயிற்று. “நீங்க போய்ப் படுங்க, சேர்” என்றார்.

மூன்றாம் இரவு அவர் உறங்கப் போனார். கொப்பி எமது கையில் இருந்தது.