முணுமுணுக்க வைக்குதா பாஸ்?

ஸ்காட்லாந்துன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கட்டம் போட்ட பாவாடை கட்டிய ஆண்கள், பேக்பைப், மழை... சரிதான். பாட்டுக் கிறுக்கு பிடிச்ச ஆளா இருந்தா, அந்த லிஸ்ட்டில் ஒரு ரெக்கார்டு பிளேயரையும் சேர்த்துக்கோங்க!

கிளாஸ்கோ சென்ட்ரல் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் பிடிச்சு கேத்கார்ட்டில் இறங்குங்க. கொஞ்சம் நடந்தா லின் பார்க். உள்ளே ஒரு ஆறு, அதில் குட்டியா ஒரு அருவி. 'லின்' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் அருவின்னே அர்த்தம்! பார்க்கைத் தாண்டினா காஸில்மில்க். 1973-ல் ஐவர் டீஃபன்ப்ரன் என்பவர், அப்பாவின் இன்ஜினீயரிங் பட்டறையின் துணையோடு 'லின்' கம்பெனியை ஆரம்பிச்சது இந்தப் பகுதியில்தான். முதல் சரக்கு, 'சோன்டெக் எல்பி12'.

அப்போ பலரும் நினைச்சது இதுதான்: தட்டு சுத்தினா போதும், மத்ததை ஸ்பீக்கர் பார்த்துக்கும். ஐவர் அதைத் தலைகீழாக்கினார். தட்டிலேயே தொலைஞ்சு போன இசையை எந்த ஸ்பீக்கராலும் மீட்க முடியாது என்பது அவர் கட்சி.

காரணம் சிம்பிள். ரெக்கார்டில் இருக்கும் பள்ளத்தின் அகலம் ஒரு தலைமுடி அளவுதான். அதன் நெளிவுகளை ஊசி தடவிப் படிக்குது. எது பாட்டு, எது மோட்டார் உறுமல்னு பாவம் ஊசிக்குத் தெரியாது. அச்சின் ஆட்டம், நீங்க தரையில் குதிக்கிறது, ஸ்பீக்கரின் அதிர்வு எல்லாத்தையும் சேர்த்தே படிச்சிடும். அப்புறம் டிரம் அடி மழுங்கும். வேகம் தள்ளாடினா, இழுத்து வாசிக்கும் பியானோ ஸ்வரமும் தள்ளாடும். பாட்டு காதில் விழும். ஆனா உள்ளே இழுக்காது.

எல்பி12-ல் மோட்டார் தனியா இருக்கும். ரப்பர் பெல்ட்தான் தட்டைச் சுத்தும். தட்டும் ஊசி பிடிக்கும் கையும் மூணு ஸ்பிரிங் மேலே நிற்கும். அச்சு அவ்வளவு துல்லியம்.

இதுக்கு நேர் எதிர், 1970-ல் வந்த ஜப்பானின் டெக்னிக்ஸ் எஸ்பி-10. பெல்ட்டே கிடையாது, மோட்டாரே நேரா தட்டைச் சுத்தும். வேகத் துல்லியத்தில் கில்லாடி! 'நம்பரை விடுங்க, காதைக் கேளுங்க' என்பது கிளாஸ்கோ கட்சி. பெல்ட்டா, நேரடி மோட்டாரா என்ற சண்டை இன்னும் ஓயலை.

லின் ஆட்கள் வெச்சிருக்கும் பரீட்சைக்குப் பேர் 'ட்யூன் டெம்'. ரெண்டு பிளேயரில் ஒரே பாட்டைப் போடுங்க. எதில் கேட்கும்போது மனசுக்குள்ளே ஈஸியா கூடவே பாட முடியுதோ, அதுதான் ஜெயிச்சது. அவ்வளவுதான்!

இப்போ ஃபேக்டரி இருப்பது கிளாஸ்கோவுக்குத் தெற்கே, ஈகில்ஷாம் பக்கம், பச்சை வயல்களுக்கு நடுவில். பாரிஸ் பாம்பிடூ சென்டரை வடிவமைத்தவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ராஜர்ஸின் கம்பெனி டிசைன் செய்த கட்டடம். எல்பி12-க்கு 2023-ல் ஐம்பது வயசு முடிஞ்சது. இன்னும் தயாராகுது. பழைய மெஷினுக்கும் புதுப் பாகங்கள் மாட்டலாம்.

விலை? லட்சங்களில்! பதறாதீங்க. கிளாஸ்கோ பாடத்துக்குக் காசு வேணாம். செகண்ட் ஹேண்ட் பிளேயர் வாங்கப் போனா, பளபளப்பைப் பார்த்து மயங்காதீங்க. நல்லாத் தெரிஞ்ச பாட்டைப் போட்டு, கண்ணை மூடி முணுமுணுத்துப் பாருங்க. வீட்டில் ஸ்பீக்கர் இருக்கும் மேஜையிலேயே பிளேயரை வைக்காம, சுவரில் அடிச்ச கெட்டியான பலகையில் மட்டமா வையுங்க. பாக்கெட் மணி மிச்சம், பாட்டும் பத்திரம்!