பக்கவாத்தியக்காரரின் பெயர்

சங்கீதத்தைச் சேர்த்து வைக்கும் பழக்கமுள்ளவர்கள், தங்களிடமிருந்த நாடாக்களையும் குறுந்தகடுகளையும் கணினிக்கு மாற்றிக்கொண்ட காலத்தில், ஒலியைக் காப்பாற்றுவதில் காட்டிய சிரத்தையைப் பெயர்களைக் காப்பாற்றுவதில் காட்டவில்லை என்பதே என் அபிப்பிராயம். காஸெட் உறையில் பாடகர் பெயர், கிருதி, ராகம், தாளம் எல்லாவற்றையும் மணிமணியான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தவர்கூட, அதையே கணினியில் ஏற்றும்போது ‘ட்ராக் 01’, ‘ட்ராக் 02’ என்று விட்டுவிட்டார். அப்படிப் பெயரற்ற கோப்புகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்ட பின், ஒரு சாயங்கால வேளையில் ஸஹானா கேட்க வேண்டுமென்று மனம் ஏங்கினால், கைவசம் இருந்தும் அது கிடைப்பதில்லை.

இதற்குப் பரிகாரமாக அமைந்தவைதாம் எம்பி3டேக், பிகார்ட், கிட்3 முதலிய மென்பொருள்கள். ஒலியைச் சிறிதும் தொடாமல், கோப்பின் உள்ளேயே அதற்கென்று ஒதுக்கிய இடத்தில், பாடியவர் யார், பாட்டு எது, இயற்றியவர் யார் என்ற விவரங்களை எழுதிவைக்க அவை உதவுகின்றன. டேக் என்று எல்லோரும் சொல்லும் இந்தக் குறிப்பு, 1996-இல் எம்பி3 கோப்பின் கடைசியில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, அதற்குக் கிடைத்த இடம் மொத்தமே 128 பைட். பாட்டின் தலைப்புக்கு 30 எழுத்து, பாடியவருக்கு 30, இசைத்தொகுப்புக்கு 30. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் அந்த முப்பதுக்குள் அடங்கும். அவருக்கு இடமும் வலமுமாக அமர்ந்து வாசித்தவர்களின் பெயருக்கு அங்கே இடம் மிஞ்சாது. வகைப் பட்டியலிலோ, பீத்தோவனுக்கும் தியாகராஜருக்கும் சேர்த்து ‘கிளாஸிகல்’ என்ற ஒரே சொல்தான். பாடகர், ஆல்பம், பாட்டு என்ற மூன்றில் அடங்கிவிடும் ஜனரஞ்சக இசையை மனத்தில் கொண்டு வகுத்த ஏற்பாடு அது. சிம்பொனியை நான்கு பகுதிகளாகக் கேட்கும் மேற்கத்திய ரசிகர்களும் அதனால் இடர்ப்பட்டவர்களே.

பெயரைப் பாட்டினுள்ளேயே பொதிந்து வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. தீக்ஷிதர் ‘குருகுஹ’ என்றும், சியாமா சாஸ்திரிகள் ‘சியாமகிருஷ்ண’ என்றும் தம் கிருதிகளில் முத்திரை வைத்தார்கள். தீக்ஷிதர் பல கிருதிகளில் ராகத்தின் பெயரையும் சாகித்தியத்தோடு நயமாக இழைத்துவிட்டார். 1902-இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காகப் பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்லியிருப்பதை இன்றும் கேட்கலாம். தட்டு அச்சாவது கடல் கடந்த ஜெர்மனியில். அங்குள்ளவர்களுக்கு இது இன்னார் குரல் என்று தெரிய வேண்டுமே! இயற்றியவர் தம்மைச் சொல்லிக்கொண்டார், பாடியவரும் சொல்லிக்கொண்டார். தம் பெயரைச் சொல்லிக்கொள்ள வழியே இல்லாமல் போனவர்கள் வயலினும் மிருதங்கமும் வாசித்தவர்கள்தாம்.

ஆனால் ஏற்பாடு அந்த 128 பைட்டோடு நின்றுவிடவில்லை. 1998-இல் வந்த இரண்டாம் வகைக் குறிப்பு, இடத்தைத் தாராளமாக்கி, இயற்றியவருக்கென்று தனிக் கட்டம் கொடுத்து, நாமே புதிய கட்டங்களை ஏற்படுத்திக்கொள்ளவும் வழி செய்தது. 2000-இல் வந்த திருத்தத்தில், இன்ன வாத்தியம் வாசித்தவர் இன்னார் என்று ஜோடி ஜோடியாக எழுதுவதற்கே ஓர் இடம் உண்டாயிற்று. ராகம், தாளம் என்று நாமே கட்டம் அமைத்து, எம்பி3டேக்கில் அவற்றைத் தனிப் பத்திகளாகக் காணும்படி செய்துகொண்டால், பட்டியல் முழுவதையும் ராகவாரியாக அடுக்கிவிடலாம். ஒரே விதமாக எழுதவேண்டும் என்பதுதான் முக்கியம். காம்போதி என்று ஓரிடத்திலும் காம்போஜி என்று மற்றோரிடத்திலும் எழுதினால், கணினி அவற்றை இரண்டு ராகங்களாகவே பாவிக்கும். தீக்ஷிதர் மரபில் ஜனதோடி என்பதும் மற்ற மரபில் ஹனுமதோடி என்பதும் எட்டாவது மேளமே ஆகையால், மேள எண்ணுக்கும் ஒரு கட்டம் வைத்து 8 என்று எழுதிவிட்டால் இரண்டும் ஒன்று சேர்ந்துவிடும். இந்த வேலையில் ராக ஞானமும் ஓரளவு வளர்கிறது. கேட்காமல் எழுத முடியாது, கேட்டால் சும்மா இருக்க முடியாது.

பக்கவாத்தியத்தின் கட்டத்துக்கு வரும்போதுதான் இந்தக் காரியம் ஒரு கடமையாகவே எனக்குத் தோன்றத் தொடங்கியது. புதுக்கோட்டை மிருதங்க மரபின் பெருமை, இடக்கை வாசிப்புக்காரரான பழனி சுப்பிரமணிய பிள்ளை, 1962-இல் மறைந்தவர். அவர் வாசிப்பைக் கேட்க வேண்டுமென்று ஓர் இளைஞன் இன்று விரும்பினால், அவன் தேட வேண்டியிருப்பது அவர் பெயரையன்று, அவர் யாருக்கெல்லாம் வாசித்தாரோ அந்தப் பாடகர்களின் பெயர்களை! இதனினும் விசித்திரம் தனி ஆவர்த்தனத்தின் கதி. கச்சேரியைத் துண்டு துண்டாகப் பிரிக்கும்போது தனி ஒரு கோப்பாகிறது. அதில் பாடகர் வாய் திறப்பதே இல்லை, தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். எனினும் ‘கலைஞர்’ என்ற கட்டத்தில் அவர் பெயரே இருக்கிறது. என் சேகரத்தில் அத்தகைய கோப்புகள் எல்லாவற்றிலும் மிருதங்க வித்வானையும் கடம் வாசித்தவரையும் அந்தக் கட்டத்தில் எழுதி, பாடகரைக் கச்சேரிக்கு உரியவராக வேறொரு கட்டத்தில் அமர்த்தினேன். வயலின்காரர் தனித்து வாசிக்கும் ராக ஆலாபனைக்கும் இதுவே நியாயம்.

பிகார்ட் என்ற மென்பொருள், கோப்பின் ஒலியிலிருந்தே கைரேகை போன்ற ஓர் அடையாளத்தைக் கணித்து, அதைக் கொண்டு மியூசிக்பிரெயின்ஸ் என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து விவரங்களை எடுத்துத் தானே நிரப்பிக் கொடுக்கிறது. பார்ஸிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் ஸாவியர் ஸெர்ரா தலைமையில் 2011-இல் தொடங்கிய காம்ப்மியூசிக் ஆராய்ச்சி, கர்நாடக இசைத்தட்டுகள் பலவற்றின் விவரங்களை அந்தக் களஞ்சியத்தில் சேர்த்தது. எங்கோ இருக்கும் ஸ்பெயின் தேசத்தில் நம் வித்வான்களின் பெயர்களை இவ்வளவு அக்கறையுடன் தொகுத்தார்கள் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் கல்யாணக் கச்சேரியிலும் கோயில் உற்சவத்திலும் யாரோ ஒரு ரசிகர் பதிவு செய்த நாடா எந்தக் களஞ்சியத்திலும் இராது. என்னிடமுள்ள ஒரு நாடாவின் உறையில் பாடகர் பெயரும், ‘கல்யாணம், கும்பகோணம்’ என்ற இரண்டு சொற்களுமே இருந்தன. மிருதங்கம் யாரென்று வருஷக்கணக்கில் தெரியவில்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டிருந்தேன். அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்த அத்திம்பேர் ஒருவர், எண்பது வயதைக் கடந்தவர், பைரவி கிருதியின் எடுப்பில் முதல் தீர்மானம் விழுந்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்து, பெயரையும் ஊரையும் சொல்லி, கடம் வாசித்த பிள்ளைக்கு அன்றுதான் முதல் கச்சேரி என்பதையும் சொன்னார். அந்த விவரத்தை அவர் ஒருவரே அறிவார். இப்போது அது கோப்பினுள் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் அத்தகைய நாடாக்கள் இருக்கக்கூடும். அவற்றைக் கேட்டுப் பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பாடகரோடு வயலின், மிருதங்கம், கடம், தம்பூரா வரையில் தெரிந்த பெயர்களையும், கச்சேரி நடந்த ஊரையும், வருஷத்தையும் அந்தக் கட்டங்களில் எழுதி வையுங்கள். தெரியாததை மட்டும் ஊகித்து எழுதிவிடாதீர்கள்.